அரக்குத் தட்டு

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அலுவல் நிமித்தமாகக் கல்முனைக்கு வந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒலுவிலுக்கு வராமற் போவதா என்று நம் வீட்டிற்கும் வந்து சேர்ந்தார். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவருடைய பார்வை சுவரோரம் நின்ற அலமாரியின் மீது சென்றது. எழுந்து போய், அங்கே நிமிர்த்தி அடுக்கியிருந்த இசைத்தட்டுகளுள் ஒன்றை உருவி, உறையிலிருந்த பெயரைப் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து இரண்டு தடவை விரலால் தட்டினார். நாம் ஏழாண்டுகள் தேடிப் பெற்ற அந்தப் பாடல், கீறலும் இரைச்சலும் சிறிதும் இல்லாமல், அரை நிமிடத்திற்குள் நம் கூடத்திலே ஒலித்தது.

"இந்தப் பாரத்தை ஏன் சுமக்கிறீர்கள்?" என்றார் நண்பர்.

அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. சிரித்தவர் யார் என்பதை இப்பகுதியைப் படித்து வருவோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளின் படிப்பு மேசைக்கு இடமில்லை என்று அந்த அலமாரியைக் குறித்துச் சில மாதங்களாக நம் வீட்டில் ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. அன்று எதிர்த்தரப்புக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டார். நண்பரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினோம். ஆனால் கேள்வி போகவில்லை. அதற்கு நம்மிடம் உள்ள விடை ஒரு வாக்கியத்தில் அடங்குவதன்று. ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதையே எழுதிவிடுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நம் சேகரம் பெரியதன்று. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் என்பவர் பல பத்தாயிரம் கிராமபோன் தட்டுகளைத் திரட்டி லிம்கா சாதனை நூலிலே இடம்பெற்றவர். மும்பையில் 1990ஆம் ஆண்டு முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர்க்கென்று ஒரு சங்கமே உண்டு. அவர்கள் கடல், நாம் நம் ஊர்க் களப்பு. நானூறுக்குச் சற்று மேற்பட்ட தட்டுகளே நம்மிடம் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை 1950களிலும் 1960களிலும் வந்த திரைப்பாடல்கள். அத்திரைப்பாடல்களிலும் தென்னமெரிக்க நடை கலந்தவற்றின் மீது நமக்கு ஒரு தனிச் சபலம் உண்டு. கல்லூரியில் மாணவர்க்குச் சிலம்பும் குறளும் கற்பிக்கும் ஒருவருக்கு இச்சபலம் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியப்பதுண்டு. வானொலியிலிருந்து வந்தது, வேறெங்கிருந்து வரும்?

நம் தந்தையார் தலைமுறையில் இக்கரையோரத்தில் இலங்கை வானொலியே சங்கீத சபை. 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பியைப் போர் முடிந்தபின் சுவீகரித்து, 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பூண்டது. மறு ஆண்டிலேயே வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரீய சங்கீதத்தின் மேன்மையைக் காக்க விரும்பிய அவர், திரைப்பாட்டுக்கு அகில இந்திய வானொலியின் கதவை ஏறக்குறைய அடைத்தார். அடைத்த கதவின் வெளியே நின்ற கூட்டம் அவ்வளவும் கொழும்பை நோக்கித் திரும்பிற்று. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கும் வரை, தமிழ்நாட்டார் தமிழ்நாட்டுப் படப்பாடலைக் கேட்க இலங்கையின் தயவை நாடியிருந்தார்கள்! எஸ். பி. மயில்வாகனனின் குரலை அவர்கள் தம் வீட்டுப் பிள்ளையின் குரலாகவே கருதினார்கள். அக்காலத்தில் கொழும்பில் வந்து குவிந்த தட்டுகளால்தான் நம் வானொலியின் இசைத்தட்டு நூலகம் இந்திய அறிஞர்களும் நாடி வரும் களஞ்சியம் ஆயிற்று.

அந்த வானொலியில் கேட்ட பாடல்களே நம் காதைக் கெடுத்தவை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் காலத்தில், 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' (இரண்டும் 1964) போன்ற படங்களின் பாடல்களில், மிருதங்கமும் தபேலாவும் இருக்க வேண்டிய இடத்தில் பொங்கோ ஒலித்தது. வீணை நிற்க வேண்டிய இடத்தில் அக்கோர்டியன் வந்து நின்றது. மேல்நாட்டார் நடனக்கூடத்து வாத்தியங்களைச் சூழவைத்துக்கொண்டு, நடுவே பி. சுசீலா கல்யாணியையோ கரகரப்பிரியாவையோ எவ்விதக் கூச்சமும் இன்றிப் பாடிச் செல்வதைச் சிறுவயதிலேயே கேட்டோம். இந்த நடை எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிற்காலத்தில் மட்டக்களப்பில் ஒரு பெட்டி நம் கைக்கு வந்தபோதே அக்கேள்வி எழுந்தது.

பறங்கியர் குடும்பம் ஒன்று அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. தச்சுவேலையில் கைதேர்ந்த அக்குடும்பத்துப் பெரியவர், தாமே செய்த தேக்குமரப் பெட்டியை ஒரு விலைக்கும் உள்ளிருந்த தட்டுகளை மற்றொரு விலைக்கும் கூறினார். பெட்டியின் விலை அதிகம். தட்டுகளை மட்டும் வாங்கினோம். (பெட்டியை வாங்கவில்லையே என்று இன்று வருந்துகிறோம்.) அவற்றுள் ஒன்று 'ஒர்பியூ நெக்ரோ' என்னும் படத்தின் பாடல்களடங்கிய தட்டு. பிரெஞ்சு நெறியாளர் மார்செல் கமூ பிரேசிலில் எடுத்த போர்த்துக்கேய மொழிப் படம் அது. 1959இல் கான் திரைவிழாவில் முதற் பரிசையும், மறு ஆண்டு அமெரிக்காவில் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது.

கதை கிரேக்கருடையது. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் வரை செல்லும் பாடகன் ஒருவன், திரும்பிப் பார்க்கலாகாது என்ற நிபந்தனையை மீறி அவளை மீண்டும் இழக்கிறான். நம் சாவித்திரி வாதாடி வென்றாள். அவன் பாடியும் தோற்றான். இக்கதையை ரியோ நகரத்து மலைச்சரிவுக் குடிசைகளுக்கும் அங்கு நிகழும் கார்னிவல் திருவிழாவுக்கும் கொண்டுவந்தவர் வினிசியஸ் டி மொராயஸ். அவர் கவிஞர், பிரேசில் அரசின் இராஜதந்திரியுமாவார். 1956இல் அது நாடகமாக மேடையேறிற்று. இசையமைத்தவர் அந்தோனியோ கார்லோஸ் ஜொபிம். மேடையமைப்பைச் செய்தவர், பின்னர் பிரசீலியா நகரின் மாளிகைகளை வடிவமைத்த ஒஸ்கார் நீமெயர். படமாக்கியபோது தயாரிப்பாளருக்கு நாடகத்தின் பாடல்கள் போதவில்லை, புதியவை வேண்டுமென்றார். அதனால் ஜொபிமும் லூயிஸ் பொன்ஃபாவும் புதிதாக இசையமைத்தார்கள். பொன்ஃபாவின் கார்னிவல் காலைப் பாடலை உலகத்துக் கிற்றார் மாணவரெல்லாம் இன்றும் பயில்கிறார்கள். பிரேசிலியர் பலர் அப்படத்தை அயலான் ஒருவன் கண்ட அழகுக் கனவு என்று குறைகூறினர். அக்குறையில் நியாயமுண்டு. ஏழ்மையை அவ்வளவு வர்ணத்தில் காட்டலாகாதுதான். எனினும் பாடல்களைக் குறைகூற எவர்க்கும் வாய் வரவில்லை.

அப்படத்தைப் பற்றி நாம் பின்னர் அறிந்த ஒரு செய்தி நம்மை வெகுவாக மகிழ்வித்தது. கதாநாயகனாக நடித்த பிரேனோ மெல்லோ ஒரு காற்பந்தாட்ட வீரர். திரையில் கிற்றாரை ஏந்தி அவர் பாடும்போது வரும் குரல் அவருடையதன்று. அகோஸ்தீன்யோ தொஸ் சாந்தோஸ் என்னும் பாடகருடையது. நாயகியாக நடித்தவர் அமெரிக்காவிற் பிறந்தவர். அவருக்குப் பாடியவர் எலிசெத் கார்டோசோ. பின்னணிக் குரல் என்பது நம் கோடம்பாக்கத்துக்கே உரிய வித்தை என்று எண்ணியிருந்த நமக்கு, ரியோவிலும் ஒரு டி. எம். சௌந்தரராஜன் இருந்தார் என்பது உறவினர் ஒருவரை எதிர்பாராத ஊரில் கண்டதுபோல் இருந்தது. அகோஸ்தீன்யோ 1973இல் பாரிஸ் நகரருகே நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டார்.

இப்பாடல்களின் பின்னே ஒரு புதுப் பாணி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கே 'பொஸா நோவா' என்று பெயர். 'புதிய பாணி' என்பது ஏறத்தாழ அதன் பொருள். அதை நிலைநாட்டியவர் ஜோவாவோ ஜில்பெர்ட்டோ. சம்பா என்பது வீதியிலே பல முரசுகள் சேர்ந்து முழக்கும் ஆட்டம். அவ்வளவு முரசுகளையும் அவர் ஒரு கிற்றாருக்குள் அடக்கினார். வலக்கைக் கட்டைவிரல் பெருமுரசின் அடியைத் தாங்கி நிற்க, மற்ற விரல்கள் அத்தாளத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாக ஸ்வரக்கூட்டங்களை மீட்டும். குரலோ அடுத்த அறையில் குழந்தை உறங்குவதுபோல் மெல்ல வரும். நடுக்கமோ முழக்கமோ கிடையாது. தாளத்துக்கு முன்னே எடுப்பதும் பின்னே எடுப்பதும் நமக்குப் புதியனவல்ல. அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று நம் சங்கீத வித்துவான்கள் அவற்றுக்கு எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். ஆனால் அவ்விரண்டையும் இவ்வளவு சோம்பலாக, ஊஞ்சலில் ஆடுபவன்போல், எவரும் செய்து நாம் கேட்டதில்லை.

1958 ஜூலையில் அவர் பாடிப் பதிவான 'செகா டி சௌடாட்' என்னும் பாடலையே இப்பாணியின் தொடக்கமாகக் கூறுவர். அது முதலில் வெளிவந்தது நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில்! வெளியிட்டது ஓடியன் நிறுவனம். 1903இல் பெர்லின் நகரில் பிறந்து, தட்டின் இரு பக்கத்திலும் பாட்டைப் பதித்து விற்ற முன்னோடி அது. அதே ஓடியனின் தட்டுகளை 1930களில் சென்னையில் விற்றது, ஏவி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ். பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த நாடகத் தட்டில் நாம் கண்ட அந்தக் குவிமாடச் சின்னத்தையும் இந்தப் பிரேசில் பாடகர் பெயரையும் சேர்த்து நினைத்தால், உலகம் எவ்வளவு சிறியதாய் இருந்தது என்று தோன்றுகிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. அது நம் வாசலிலேயே உள்ளது. 1500ஆம் ஆண்டில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட காப்ராலின் போர்த்துக்கேயக் கப்பல்கள் வழியிலே பிரேசிற் கரையைத் தொட்டு, அவ்வாண்டே கள்ளிக்கோட்டைக்கு வந்தன. 1505இல் அம்மக்கள் இலங்கைக்கும் வந்தனர். 1628இல் மட்டக்களப்பிலே கோட்டை எழுப்பினர். பத்தாண்டில் ஒல்லாந்தரிடம் அதை இழந்தனர். கோட்டை போயிற்று, ஆனால் மட்டக்களப்புப் பறங்கியர் நாவில் போர்த்துக்கேயம் கலந்த மொழியும், அவர்கள் கல்யாண வீடுகளில் பிடிலோடும் கிற்றாரோடும் ஆடும் 'கஃப்ரிஞ்ஞா' ஆட்டமும் எஞ்சின. கஃப்ரிஞ்ஞா என்னும் பெயரே, போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களைச் சுட்டுவது. அதே கப்பற்காரர் பிரேசிலுக்குக் கொண்டுபோன ஆபிரிக்கரின் வழியிலேயே அங்கு சம்பா பிறந்தது. நம் நாட்டில் கஃப்ரிஞ்ஞாவின் பிள்ளையாகப் பைலா வந்தது. அப்பைலாவை ஏ. ஈ. மனோகரன் தமிழகம் வரை கொண்டுபோய் ஆடவைத்தார். இரண்டும் ஒன்றே என்று நாம் சாதிக்க வரவில்லை. பைலா மூன்று மூன்றாகத் துள்ளும் திஸ்ர நடை. சம்பா இரண்டடி வைத்து நடப்பது. முகஜாடை மட்டும் தெரிகிறது என்கிறோம், அவ்வளவே. தட்டுகளை விற்ற பறங்கியப் பெரியவரோ நம்மைவிடத் துணிந்தவர். "இது எங்கட சொந்தக்காரன்ட பாட்டு" என்றே சொல்லிக் கொடுத்தார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது தட்டு எதற்கு?

தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தை அவர் கூர்ந்து பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். அங்கே படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், தட்டின் எண் ஆகியவை உண்டு. கொலம்பியாத் தட்டானால் 'ஜீ. ஈ.' என்று தொடங்கும் எண், எச். எம். வி. ஆனால் 'என்' என்னும் எழுத்து. காகிதத்தை ஒட்டிய வழவழப்பான பகுதியில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி, அச்சின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு இரு தட்டுகள் ஒரே பதிவிலிருந்து வந்தவையா, வேறு வேறா என்று கண்டுவிடலாம். கைத்தொலைபேசியில் வருவதோ பிறந்த ஊர் தெரியாத பிள்ளை. 1958ஆம் ஆண்டுப் பாட்டுக்கு 1966 என்று ஆண்டிட்டிருப்பார்கள். ஜிக்கி பாடியதை லீலா பாடினார் என்பார்கள். திருத்தி எழுதினால், எழுதிய நம்மையே திருத்த வருவார்கள்.

தட்டுகளும் பொய் சொல்லியதுண்டு. 1949இல் வந்த 'மகால்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்குத் தட்டிலே பாடியவராக அச்சிடப்பட்டது 'காமினி' என்னும் கதாபாத்திரத்தின் பெயர். கேட்டவர்கள் வானொலிக்கு எழுதிக் குடைந்த பின்னரே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிவந்தது. வாத்தியக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பம்பாய்ப் பட இசையின் மேல்நாட்டு அமைப்பை உருவாக்கியவர்களுட் பலர் கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் ஸ்வரக்குறிப்பு எழுதப் படித்தவர்கள். அந்தோனி கொன்சால்வஸ், செபஸ்தியன் டி சூசா போன்ற ஓரிருவர் பெயரே பிற்காலத்தார் முயற்சியால் நிலைத்தது. கோவாவும் 1961 வரை போர்த்துக்கேயர் கையில் இருந்த ஊர்தானே! ஆகத் தட்டு சேகரிப்பவனுடைய வேலையிற் பாதி, பாட்டுக் கேட்பதன்று. காகிதத்தில் இல்லாத பெயரைத் தேடுவது. கிழவர்களைத் தேடிப் போய்த் திண்ணையில் உட்காருவதும் அவ்வேலையில் அடங்கும்.

அப்படி ஒரு திண்ணையில் உட்காரப்போய்த்தான் நாம் ஒரு குற்றம் செய்தோம். மற்றப் பாதி விடை அதில் உள்ளது.

78 சுற்றுத் தட்டு எதனால் ஆனது என்பதை முதலிற் கூறவேண்டும். அது அரக்கு. குசும், பலாசு முதலிய மரங்களின் கொப்புகளில் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசினையே காய்ச்சி வடித்து அரக்கு எடுக்கிறார்கள். உலகத்துக்கு அதைப் பெரும்பாலும் அளித்தது இந்தியாவே. அந்த அரக்கோடு கற்பொடியும் கரியும் பஞ்சுத்தூளும் சேர்த்து, சூட்டில் அழுத்தினால் கிராமபோன் தட்டு. பாண்டவருக்குத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையின் சரக்கும் இதுவே. எரியும், உருகும், கீழே விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும். பின்னாளில் வந்த நெடுநேரத் தட்டுகளோ வைனில் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. வளையும், எளிதில் உடையா. மட்டக்களப்பிலிருந்து வந்த பிரேசில் தட்டு அவ்வகை. அதில் படிந்திருந்த பூஞ்சணத்தை, தண்ணீரில் சிறிது ஸ்பிரிட் கலந்து பஞ்சால் துடைத்தோம். கண்ணாடிபோல் ஆயிற்று. அதிலிருந்து நமக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது.

2017இல் ஒரு மாலை, இவ்வூர் ஹாஜியார் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். இளமையில் ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர் என்று எங்கே கல்யாண வீடு நடந்தாலும் அவருடைய கிராமபோனும் இரண்டு ஊதுகுழல் ஒலிபெருக்கிகளும் முதல் நாளே போய்விடும். மின்சாரம் எட்டாத வீடுகளில் பற்றரி வைத்துப் பாட்டுப் போடுவார். முதலில் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல். அதன் பின்னரே படப்பாடல். பெரியவர்கள் உறங்கப் போனபின் என்னென்ன பாட்டுப் போட்டார் என்பதை அவர் நம்மிடம் சொன்னதுண்டு, இங்கே எழுதமாட்டோம். 1978 நவம்பர்ச் சூறாவளியில் அவருடைய கடையின் கூரை போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது கடையே போயிற்று. உள்ளே இருந்த தட்டுகள் எல்லாம் போயின. அவருடைய இளைய சகோதரரும் போனார்.

ஹாஜியார் கையில் ஒரு பழைய சாறனில் சுற்றிய தட்டு ஒன்று இருந்தது. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும் சேர்ந்து பாடிய பாடல். இரவலாகச் சம்மாந்துறையில் மருமகன் வீட்டுக்குப் போயிருந்ததால் அத்தட்டு மட்டும் பிழைத்திருந்தது.

"சேர், இது ஒண்டுதான் மிச்சம். கொஞ்சம் துடைச்சுப் போட்டு ஒருக்காப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

அன்றிரவே துடைத்தோம். கர்வம் இருந்ததல்லவா? தண்ணீர்கூடக் கலக்காமல், ஸ்பிரிட்டைப் பஞ்சில் தாராளமாக நனைத்து, சுற்றுவழியே அழுத்தித் துடைத்தோம். பஞ்சு கறுத்தது. எவ்வளவு அழுக்கு என்று மகிழ்ந்து, புதுப் பஞ்சு எடுத்து மீண்டும் துடைத்தோம். அதுவும் கறுத்தது. மூன்றாவது பஞ்சும் கறுத்தபோதே உடம்பு குளிர்ந்தது. அழுக்கு வரவில்லை, தட்டே வந்துகொண்டிருந்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரவேலைக்காரர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மெருகு பூசுகிறார்கள். தேக்குப் பெட்டி செய்த பறங்கியப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பளபளத்திருந்த தட்டு, பக்கம் முழுதும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது.

(எவர் வீட்டிலேனும் 78 சுற்றுத் தட்டு இருக்குமாயின், இளஞ்சூடான நீரில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம் கலந்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, நடுக்காகிதம் நனையாமல் காத்து, நிழலிலே நிமிர்த்தி உலர வையுங்கள். ஸ்பிரிட் வேண்டவே வேண்டா. அடுக்கும்போதும் நிமிர்த்தியே அடுக்குங்கள். படுக்கவைத்தால் பாரத்தால் அடித்தட்டு நொறுங்கும்.)

இரண்டு வாரம் ஹாஜியாரைக் கண்டால் ஒதுங்கிப் போனோம். சந்தை வழியை விட்டுவிட்டு வெளிச்சவீட்டுப் பக்கமாகச் சுற்றிப் போன நாளும் உண்டு. மாணவர்க்கு அறம் போதிக்கும் நாம் இதைச் செய்தோம். கடைசியில் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நண்பர் சென்ற வாரம் செய்ததை நாம் அன்றே செய்தோம். அதே பாடலைக் கைத்தொலைபேசியில் எடுத்து, ஒலிபெருக்கியில் இணைத்துப் போட்டுக் காட்டினோம். மாசுமறுவற்ற பதிவு. ஹாஜியார் முழுவதும் கேட்டார். மரியாதைக்குத் தலையையும் அசைத்தார்.

"நல்லா இருக்கு. தட்டு எங்க, சேர்?"

இனி மறைக்க முடியவில்லை. நடந்ததைக் கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போடுங்கள் என்று கையால் காட்டினார். புது ஊசி மாட்டிப் போட்டோம். சட்டியில் எண்ணெய் கொதிப்பதுபோல் இரைச்சல். அதன் அடியில் எங்கோ தொலைவில் இரண்டு குரல்கள். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணம் வந்தது. அவருடைய வலக்கை ஆட்காட்டி விரல் தானே எழுந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். ஊசி ஒரு சுற்றைத் தாண்டிக் குதித்தது. பாட்டிலே ஒரு சொல் விழுந்துபோயிற்று. ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கீறலின் கதையை அப்போதுதான் சொன்னார். 1964ஆம் ஆண்டில் அவருடைய சொந்தக் கல்யாணத்தன்று, தட்டு மாற்றும் வேலை பன்னிரண்டு வயதுத் தம்பிக்கு. ஊசிக்கையை வைக்கும்போது நழுவவிட்டுவிட்டார். அன்று தொட்டு அத்தட்டு அவ்விடத்தில் குதிக்கும். ஊர்ப் பிள்ளைகள் அப்பாட்டை இந்தத் தட்டிலேயே கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். ஆகையால் அந்தச் சொல்லை விட்டுவிட்டே பாடுவார்களாம். படம் பார்க்கக் கல்முனைக்குப் போனவர்கள், படத்திலே பாட்டுப் பிழையாக இருக்கிறது என்று வந்து சொன்னார்களாம்!

மேலும் இரு தடவை போடச் சொன்னார். உருக்கு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டை அரைக்கும் என்று தெரிந்தும் போட்டோம். நாம் மீண்டும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையமர்த்தினார்.

"விடுங்க சேர். ஊசியைப் போட்டுட்டு அவனும் இதே மாதிரித்தான் முழிச்சுக்கிட்டு நிண்டவன்."

மறு ஆண்டு சென்னைக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தது. 1985இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டின் கடைக்காரர்களுக்கென்று சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் கட்டிக்கொடுத்த கடைத்தொகுதியில், இரண்டு பகல் தேடி, அதே தட்டின் நல்ல பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தோம். சட்டைகளுக்கு நடுவே வைத்து, உடையாமல் ஒலுவில் வரை கொண்டுவந்து ஹாஜியாரிடம் நீட்டினோம். அவர் அதை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். காகிதத்திலிருந்த பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது குதிக்குமா?"

குதிக்காது என்றோம்.

"அப்ப உங்களிட்டயே இருக்கட்டும், சேர்" என்று திருப்பித் தந்துவிட்டார். சாம்பல் பூத்த தட்டு இப்போது மறுபடியும் சம்மாந்துறையில், மருமகன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒலுவிலில் கரை அரிப்பு முற்றியபின் கடலுக்குச் சமீபமான வீட்டில் அதை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

அவர் திருப்பித் தந்தது நம் அலமாரியின் மேல்தட்டில், பிரேசில் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நண்பர் சென்ற வாரம் உருவிப் பார்த்தது அதைத்தான். ஏழாண்டு தேடியது வேறு, இதைத் தேடியது இரண்டு பகல்தான் என்று வாசகர் கணக்குக் கேட்கலாம். ஸ்பிரிட்டால் கரைத்ததற்கு ஈடாக, கீறல் உள்ள மற்றொரு பிரதி எங்கேனும் அகப்படுமா என்று அதன் பிறகும் தேடிக்கொண்டிருக்கும் ஆண்டுகளையும் சேர்த்தே அப்படி எழுதிவிட்டோம். வழக்கு நேற்று ஒருவாறு தீர்ந்தது. கீழிரண்டு தட்டுகளை ஒழித்து, அலமாரியை ஒன்றரை அடி நகர்த்தி, மேசை உள்ளே வந்துவிட்டது. மகள் அதன்மேல் புத்தகங்களை அடுக்கிவிட்டு, ஹாஜியார் பாட்டை ஒரு தடவை போடுங்கள் என்றாள். போட்டோம். இரண்டாவது சரணத்தில் அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாடினாள்.